பத்துக்கு எட்டு

மெத்தைக்காரர் இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஆள் பிழைப்பாரா மாட்டாரா என்று கேட்பவரைக் கடைசிவரை இழுத்தடிப்பது எனக்குப் பிடிக்காது. நான் சொல்ல வந்தது, அவர் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் மறுநாள் சனிக்கிழமையும் நடந்தது. இரண்டு நாளும் நான் பக்கத்திலேயே இருந்தேன். மையத்து வேன் ஓட்டுகிறவனுக்கு இருக்கும் வசதி அதுதான். யாரும் அவனை ஆளாக மதிக்க மாட்டார்கள், அதனால் எல்லாவற்றையும் அவன் முன்னாலேயே பேசிவிடுவார்கள்.

மையம் என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை மாடிக் கட்டடம். எட்டுப் படுக்கை, ஒரு மருந்து அறை, ஒரு வகுப்பறை. இனி குணமாக்க முடியாது என்று ஆனவர்களுக்கு வலியைக் குறைப்பது, மூச்சுத் திணறலைத் தணிப்பது, தூங்கவைப்பது, வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, இதெல்லாம் அங்கே வேலை. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வருஷத்துக்கு ஆறு டாக்டர்கள் வருவார்கள். எல்லோரும் ஏற்கெனவே படித்து முடித்து, பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துப் போட்டுக்கொண்டவர்கள். அவர்களுக்கு அங்கே முதல் மாதம் நாற்காலியில் எப்படி உட்காருவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். சேர்ந்த புதிதில் நான் இதைப் பார்த்துவிட்டு வீட்டில் போய்ச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, பாதிப் பேருக்கு நிஜமாகவே உட்காரத் தெரியவில்லை என்று. நோயாளி படுத்திருப்பார், இவர்கள் வாசல் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு உயிர் போகிற சேதியைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

வகுப்பறையில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, முகம் துடைக்கிற காகிதம் ஒரு பெட்டி. ஒரு நாற்காலியில் கற்றுக்கொள்ள வந்த டாக்டர். எதிர் நாற்காலியில் அழுகாச்சி அக்கா. பின்வரிசையில் மற்ற ஐந்து பேரும் பெரிய டாக்டரம்மாவும். அக்கா நோயாளியின் மனைவியாகவோ தாயாகவோ நடிப்பாள். டாக்டர் அவளிடம் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும். முடிந்ததும் அக்கா பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, குத்தியது ஒன்று, இதமாக இருந்தது ஒன்று என இரண்டைச் சொல்ல வேண்டும். அவள் சொன்னதை டாக்டரம்மாகூட மாற்ற மாட்டார்.

அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மூட்டு வலியால் வேலையை விட்டபோது டாக்டரம்மா பிடித்துக்கொண்டார். எனக்கு நடிக்கத் தெரியாதே என்றாளாம் அக்கா. அந்த ஜன்னல் வழியாகப் பார்த்த முகங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும் என்றாராம் டாக்டரம்மா. சேர்ந்த முதல் வாரமே அவள் அழுததைப் பார்த்து ஒரு இளம் டாக்டர் வெளியே எழுந்து போய்விட்டார். அழுகாச்சி என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். மற்றபடி அவள் அழுகிற ஜாதியே இல்லை. வேனில் முன் ஸீட்டில் ஏறினால் வீடு வரைக்கும் அன்றைக்கு எந்த டாக்டர் எப்படி உளறினார் என்று செய்து காட்டி என்னைச் சிரிக்கவைப்பாள், நான் இரண்டு தடவை சிவப்பு விளக்கைத் தாண்டியிருக்கிறேன்.

அவளுடைய வீட்டுக்காரர்தான் மெத்தைக்காரர். சோபா, நாற்காலி, கார் ஸீட் எதுவாக இருந்தாலும் பிரித்து, நாடா இழுத்து, ஸ்பிரிங் சுருள் மாற்றி, புதிதாக ஃபோம் வைத்து ரெக்சின் போட்டுத் தருவார். வீட்டின் முன்கூடம்தான் பட்டறை. சின்ன ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக நாக்கால் முன்னே தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பார். ஆணியோடேயே பேசவும் செய்வார். அக்கா புதிய வேஷத்துக்கு வசனம் படிக்கும்போது இவர்தான் டாக்டர். "உக்காருங்கம்மா, ரிப்போர்ட் வந்திருக்கு" என்று வாயில் ஆணியோடு ஆரம்பிப்பார். சாயங்காலம் நான் அக்காவைக் கொண்டுவந்து விட்டால், டீயை நீட்டிக்கொண்டே, இன்றைக்கு எத்தனை தடவை செத்தேன் என்று கேட்பார். மூன்று என்பாள் அக்கா. பரவாயில்லை, போன வாரம் ஐந்து என்பார். ஒன்பது வருஷத்தில் இவள் என்னை நானூறு தடவைக்கு மேல் கொன்றிருக்கிறாள், ஒரு தடவைகூடக் காரியத்துக்கு நல்ல சட்டை போட்டு அனுப்பவில்லை என்று என்னிடம் புகார் வேறு.

அந்த வருஷத்து ஆறு டாக்டர்களில் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தி. பதினைந்து வருஷம் அறுவை சிகிச்சை செய்தவர், வயது நாற்பத்து நாலு, கை இரண்டும் பெரிது பெரிதாக இருக்கும். அவ்வளவு சம்பாத்தியத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் ஆள் போய்விட்டார் என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது என்றார். நல்ல மனுஷன். ஆனால் வகுப்பில் மக்கு. மௌனம் என்பது அவருக்குத் தாங்காது. எதிரில் இருப்பவர் ஒரு நொடி பேசாமல் இருந்தால், அந்த இடத்தில் கணையம், கல்லீரல் என்று கொண்டுவந்து கொட்டிவிடுவார்.

அங்கே நடிக்கிற வேஷங்களில் நாலாவதுதான் கஷ்டமானது. மனைவி வந்து, வீட்டுக்காரருக்கு நோய் என்னவென்று சொல்லக்கூடாது என்று டாக்டரிடம் கெஞ்சுவாள். அவளோடு சட்டம் பேசக்கூடாது, தலையாட்டிப் பொய்க்கும் உடன்படக்கூடாது. அவளுக்கு எதைக் கண்டு பயம் என்று கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கத்தி முதல் தடவை அக்காவுக்குக் கணையத்தைப் படம் போட்டுக் காட்டினார். அக்கா இரண்டு போட்டாள், அதுவும் படம் நன்றாக இருந்ததற்காக. அடுத்த தடவை நாலு. மூன்றாவது தடவையும் நாலு. அன்றைக்கு அவர் வேன் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கழற்றிக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

போதாக்குறைக்கு டாக்டரம்மா திடீர்ச் சோதனை என்று ஒன்று வைத்திருந்தார். மாதத்தில் ஒரு நாள், எந்த நாள் என்று சொல்லாமல், தாழ்வாரத்திலோ டீ வாங்குகிற இடத்திலோ நடிக்கிறவர் வந்து மறிப்பார். வகுப்பில் ஒழுங்காக உட்காருகிறவர் வெளியேயும் அப்படி இருக்கிறாரா என்று பார்க்க. அதில் கத்தி ஏற்கெனவே ஒரு தடவை தவறியிருந்தார். கை கழுவிக்கொண்டே பதில் சொல்லிவிட்டாராம்.

இதற்கிடையில்தான் மெத்தைக்காரருக்கு உடம்புக்கு வந்தது. மழைக்காலம் ஆரம்பித்து, ஃபோம் எல்லாம் ஈரம் ஏறிக் காயாமல் கிடந்த சமயம். சாப்பாடு இறங்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு. பசை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்து நான்தான் சொன்னேன். பெரிய ஆஸ்பத்திரியில் கணையத்தில் கட்டி என்றார்கள். பித்தம் இறங்குவதற்கு உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். பத்து நாளில் மஞ்சள் இறங்கி, பசி எடுத்து, மறுபடி சுத்தியலைத் தூக்கிவிட்டார். ஒரு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை கட்டியை எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்கள், அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். கட்டி போனால் சரி, தெரு முழுக்க வேலை நிற்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். அதன் முடிவை வாங்க ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா தனியாகப் போனாள். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, கட்டியை எடுக்க முடியாது, தேதி இருக்கிறதே என்று வேண்டுமானால் திறந்து பார்த்துக் குடலுக்கு வழி மாற்றி விடலாம், நீங்களே சொல்லுங்கள் என்றார் அங்கிருந்த டாக்டர். கதவில் கையை வைத்துக்கொண்டுதான் சொன்னாராம். அக்கா, செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. அந்த வியாழக்கிழமை வகுப்புக்கு வந்து, நாலாவது வேஷத்தையே ஒரு டாக்டருக்கு நடித்துக் காட்டி, ஆறு மார்க் போட்டுவிட்டுப் போனாள். வேனில் சிரிக்கவில்லை. கேட்டேன், பல்வலி என்றாள். நானும் கிராம்பு வைக்கச் சொன்னேன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டி ஆபரேஷன் என்றால் முந்தின நாள் மையத்து டாக்டர் ஒருவர் வீட்டுக்கே போய் நோயாளியைப் பார்த்துப் பேசுவது அங்கே நடைமுறை. அந்த ஞாயிறு முறை கத்தியுடையது. அவர் கையில் நோயாளிகளின் பட்டியல் இன்னும் வந்திருக்கவில்லை. அக்கா அதை அலுவலகத்தில் பார்த்துவிட்டாள்.

நான் மருந்துப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். தண்ணீர் வடிகட்டிப் பக்கத்தில் அக்கா அவரை மறித்தாள். கையில் ஒரு பழுப்பு உறை.

"டாக்டர், ஞாயித்துக்கிழமை நீங்கதான் அவரைப் பாக்க வர்றீங்களாம். அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சிடுவாரு. என்கிட்ட சொன்னது என்னோடயே இருக்கட்டும்."

வார்த்தைக்கு வார்த்தை நாலாவது வேஷம். கத்தி தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் அதேதான் தோன்றியது, இன்றைக்குச் சோதனை போலிருக்கிறது, மனுஷன் இந்தத் தடவையாவது தேறட்டும் என்று. அக்கா வீட்டுக்காரருக்குக் கட்டி என்பதே அவருக்குத் தெரியாது, தெரிந்த நானோ திங்கட்கிழமையோடு அது போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் போனைப் பைக்குள் போட்டார். சுவரோரம் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, அக்காவை உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன், பதினெட்டு வரைக்கும் போனது. பிறகு மெதுவாக, அக்கா தூங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். பத்து நாள் என்றாள். அவருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்.

"வேலையை விட்டுருவாரு. சுத்தியலக் கீழ வச்சிட்டுச் சுவத்தப் பாத்து உக்காந்துருவாரு. அவங்க அப்பா அப்படித்தான் உக்காந்தாரு, எந்திரிக்கவே இல்ல. நான் அதப் பாத்திருக்கேன் டாக்டர். இவரும் அப்படி உக்காந்துட்டா என்னால தாங்க முடியாது."

அது வேஷத்தில் இல்லாத வசனம். அக்கா புதிதாகச் சேர்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கத்தி மறுபடி சும்மா இருந்தார். அக்காவின் கண்ணில் தண்ணீர் இறங்கியது. அவர் அவசரமாகக் காகிதம் நீட்டவில்லை, தோளைத் தட்டவில்லை, கணையத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. இப்போதே எதையும் முடிவு செய்ய வேண்டாம், இதை இனி நீங்கள் ஒருத்தியாகச் சுமக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நான் பார்த்ததிலேயே நன்றாகச் செய்தது அவர்தான்.

அப்புறம் எழுந்து நின்று, வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்: "எப்படிக்கா? இந்தத் தடவை எத்தனை?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். புறங்கையால் ஒரு கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னொன்றை.

"எட்டு" என்றாள். "நல்லா செஞ்சீங்க டாக்டர்."

எழுந்து போய்விட்டாள். வேனுக்குக்கூட நிற்கவில்லை. கத்தி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, பார்த்தீர்களா அண்ணே, எட்டு என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்டூலின் மேல் அந்தப் பழுப்பு உறை கிடந்தது. நடிப்புக்கு வைத்திருக்கும் பொய்க் காகிதங்களோடு அலமாரியில் வைக்கலாம் என்று அவர் எடுத்துப் பிரித்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்த கை அப்படியே நின்றது.

"அண்ணே, இதுல ஒரு விலாசம் இருக்கு. எந்த இடம்னு பாருங்க."

பார்த்தேன். ஒன்பது வருஷமாக நான் வேனை நிறுத்துகிற வாசல்.

அவர் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்தார். கிராம்பு வைக்கச் சொன்னவன் அல்லவா நான். கொஞ்ச நேரம் கழித்து அவர் டாக்டரம்மாவிடம் போனார், நானும் சாவி கொடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். டாக்டரம்மா முழுதும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தப்பு உங்களுடையது பாதி, திடீர்ச் சோதனை வைத்த என்னுடையது பாதி, இன்றோடு அதை நிறுத்திவிட்டேன் என்றார். போன் பண்ண வேண்டாம், நாளைக்கு நேரில் போங்கள், பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள் என்றார். போய் என்ன சொல்வது என்று கத்தி கேட்டதற்கு, எனக்கும் தெரியவில்லை என்றார் அந்த அம்மா. இருபது வருஷம் அதையே சொல்லிக்கொடுத்தவர்.

சனிக்கிழமை தூறல் விட்டபாடில்லை. அந்தத் தெருவில் எல்லாம் மரச்சாமான் பட்டறைகள். மழைக்கு எல்லோரும் கட்டிலையும் மேஜையையும் உள்ளே இழுத்துவிட்டு, மிச்ச இடத்தில் நின்றபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வார்னிஷ் வாசனை வேனுக்குள்ளேயே வந்தது. வழியெல்லாம் கத்தி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் வாய் ஓயாமல் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன். மௌனம் சிலரைத்தான் தொற்றும் போலிருக்கிறது.

வாசலில் அக்கா. எங்களைப் பார்த்ததும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டார். சுருக்கமாகத்தான் கேட்டார், நாலு வார்த்தை.

"விடுங்க டாக்டர். எனக்கே வேற வார்த்தை வரல. ஒன்பது வருஷமா அதையே சொல்லிட்டு, நிஜமா வந்தப்பவும் அதுதான் வாயில வந்துச்சு. நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "எட்டு குடுத்தது நியாயமான மார்க்குதான். ஆனா உள்ள போய் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லக்கூடாது."

"பொய் சொல்ல மாட்டேங்க்கா. ஆனா உங்களுக்கு முன்னாடி நானா எதையும் சொல்லவும் மாட்டேன்."

அதற்குள் உள்ளேயிருந்து, யாரு வாசலிலேயே மாநாடு போடுகிறது என்று மெத்தைக்காரர் குரல் கொடுத்துவிட்டார்.

பல் டாக்டர் கிளினிக் நாற்காலி ஒன்று கூடத்தின் நடுவில் பிரிந்து கிடந்தது. முதுகுப் பக்கம் புது ரெக்சின் போட்டு, பாதி வரைக்கும் அடித்திருந்தார். இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. ஆனால் கை அதே கைதான், இழுத்த இழுப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கத்தியை யார் என்று சொன்னதும், ஓ, கணையத்தைப் படம் போட்டவரா என்று சந்தோஷமாகக் கேட்டார். அக்கா வீட்டில் ஒன்றையும் விட்டுவைத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. என்னை ஃபோம் கட்டின் மேலும், டாக்டரைக் கால் உடைந்த ஒரு சோபாவிலும் உட்காரச் சொன்னார். அக்கா டீ போட உள்ளே போனாள். போனாளே தவிர, பாத்திரச் சத்தம் எதுவும் வரவில்லை.

மெத்தைக்காரர் இந்த நாற்காலியின் கதையைச் சொன்னார். இதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பயத்தில் கைப்பிடியைப் பிறாண்டிப் பிறாண்டி, ரெக்சின் அந்த இரண்டு இடத்தில் மட்டும் கிழிந்திருக்கிறது என்று காட்டினார். புதன்கிழமைக்குள் வேண்டுமாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, அதனால் இன்றைக்கும் நாளைக்கும் உட்கார்ந்து முடித்துவிட வேண்டும் என்றார். பிறகு வாயிலிருந்து ஆணிகளை உள்ளங்கையில் துப்பி, தகர டப்பாவில் போட்டார்.

"டாக்டர், உங்க கையும் வேலை செஞ்ச கை. உங்ககிட்ட கேக்கலாம். திங்கக்கிழமை கட்டிய முழுசா எடுத்துருவாங்கள்ல?"

கத்தி வாயைத் திறக்கவில்லை. தூறல் தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. மெத்தைக்காரர் அவரையே பார்த்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஏதாவது சொல்லுங்கள், கணையத்தையாவது சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்த மனுஷன் அசையவில்லை. கண்ணையும் தாழ்த்தவில்லை.

"எடுக்க மாட்டாங்க" என்றாள் அக்கா.

சமையலறை வாசலில் வெறுங்கையோடு நின்றிருந்தாள். அவள் டாக்டர்களுக்கு ஒன்பது வருஷம் மார்க் போட்டவள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அதில் ஒன்றையும் அவள் செய்யவில்லை. நின்றபடியே சொன்னாள். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாள். செவ்வாய்க்கிழமை பஸ் கிடைக்கவில்லை என்பதில் ஆரம்பித்து, கல்லீரல் என்று சொல்லி, இல்லை முதலில் கணையம் என்று திருத்தி, அவர் அப்பாவைப் பற்றிச் சொல்லி, நடுவில் அடுப்பில் பால் வைத்தேனா இல்லையா என்று கேட்டு, கடைசியில் அவர் காலடியில் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டாள். மார்க் போட்டால் இரண்டுகூடத் தேறாது. ஆனால் சொல்லிவிட்டாள்.

மெத்தைக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. அக்காவின் தலையில் ஒட்டியிருந்த ஃபோம் துணுக்கு ஒன்றை எடுத்துப் போட்டார். அப்புறம் கத்தியிடம் திரும்பினார்.

"வெட்டினா எத்தனை நாள், வெட்டாட்டி எத்தனை நாள்? மழுப்பாம சொல்லுங்க டாக்டர்."

கத்தி அக்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்த பிறகுதான் பேசினார்.

"ரெண்டுலயும் நாள் ஒண்ணுதான். சில மாசம். நாலாவும் இருக்கலாம், ஆறாவும் இருக்கலாம், சரியா யாராலயும் சொல்ல முடியாது. வெட்டினா அதுல ஒன்றரை மாசம் ஆஸ்பத்திரிப் படுக்கையில போயிரும். உள்ள வச்ச குழாய் நல்லா வேலை செய்யுது, இப்ப ஆபரேஷனுக்கு அவசியம் இல்ல. போன வருஷம்னா நானே உங்களை வெட்டியிருப்பேன்."

"வலி?"

"வரும். வந்தா மருந்து இருக்கு. நான் வாரா வாரம் வருவேன். கூப்பிட்டா நடுவுலயும் வருவேன். அதுக்குத்தான் இந்தப் படிப்பே."

மெத்தைக்காரர் சுத்தியலை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. எனக்கும் கலங்கியது. எப்போது தெரியும் என்று அக்காவிடம் கேட்டார். போன வாரத்துக்கு முந்தின செவ்வாய் என்றவள், இல்லை போன வாரச் செவ்வாய் என்றாள். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"பதினோரு நாள்" என்றார். "பதினோரு நாள் என் பக்கத்துலயே படுத்துக்கிட்டு நீ தனியா இருந்திருக்க. நோய்கூட எனக்குப் பெருசாத் தெரியலம்மா. இதுதான் தாங்கல."

அக்கா அப்போதுதான் அழுதாள். வகுப்பில் அழுகிற அழகான அழுகை இல்லை, மூக்கெல்லாம் ஒழுகி, விக்கி, பார்க்கச் சகிக்காத அழுகை. கத்தி எழுந்து சமையலறைக்குப் போனார். அங்கே எதெது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாத்திரங்களை உருட்டி, நாலு பேருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை அளவு தெரியாமல் அள்ளிப் போட்டிருந்தார். எல்லோரும் குடித்தோம். மெத்தைக்காரர் மட்டும் இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தார். ஆபரேஷன் செய்தால் இதையெல்லாம் நிறுத்தச் சொல்வார்களா என்று கேட்டார். ஆமாம் என்றார் கத்தி.

டம்ளரை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துவரச் சொன்னார். அக்கா எடுத்துவந்தாள். அதிலிருந்த நம்பருக்கு அவரே போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அவர் போனில் பேசினால் மறுமுனை பேசுவது கூடம் முழுக்கக் கேட்கும். ஒரு பெண் எடுத்தது. திங்கட்கிழமை ஆபரேஷனுக்கு வரவில்லை என்றார். நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டது அந்தப் பெண்.

"நான்தாம்மா நோயாளி."

எந்தத் தேதிக்குத் தள்ளிவைக்கட்டும் என்றது.

"தள்ளி வைக்க வேண்டாம். பேரையே எடுத்துரும்மா."

அப்படியானால் காரணம் எழுத வேண்டும், என்ன காரணம் சார் என்றது. மெத்தைக்காரர் யோசித்தார். பல் டாக்டரின் நாற்காலியைப் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார்.

"வீட்ல வேலை இருக்குன்னு எழுதிக்கோம்மா" என்றார். "எங்க வீட்டம்மாவோட பதினோரு நாள் பேச்சு பாக்கி இருக்கு."